ரொட்டிக் கூடைக்காக ஒலித்த சாக்ஸபோன்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1969-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு கூட்டம் நடந்தது. உழைத்துப் பிழைக்கும் கறுப்பு இன மக்கள் கூடியிருந்தார்கள். வேலையில் தங்களுக்கும் உரிய பங்கு வேண்டும் என்று போராடிய ஓர் இயக்கம் நடத்திய கூட்டம் அது.

மேடையில் ஐந்து இசைக் கலைஞர்கள் தயாராக இருந்தார்கள். முதலில் ஓர் இளம் போதகர் பேசினார். எத்தனை சுமை அழுத்தினாலும் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். அவர் முடித்ததும், பருத்த உடல்வாகு கொண்ட ஒருவர் சாக்ஸபோனை வாயில் வைத்து ஊதத் தொடங்கினார். கூட்டம் கைதட்டியது. குரல் கொடுத்தது. இவ்வளவும் அப்படியே இசைத்தட்டில் பதிவாயிற்று.

சாக்ஸபோன் வாசித்தவர் கேனன்பால் ஆடர்லி. பேசிய போதகர் ஜெஸ்ஸி ஜாக்சன். அந்த இசைத்தட்டின் பெயர் 'கன்ட்ரி பிரீச்சர்', அதாவது 'கிராமத்துப் போதகர்'.

நட்சத்திர விடுதிகளிலும் பெரிய அரங்குகளிலும் வாசிக்கக்கூடிய ஒரு கலைஞர் அந்தக் கூட்டத்துக்கு ஏன் போனார்? அதை அறிய அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் வந்த கதை

அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள புளோரிடா மாநிலத்தில், டாம்பா என்ற ஊரில் 1928-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜூலியன். தாய், தந்தை இருவருமே கல்வித் துறையில் பணியாற்றியவர்கள். தந்தை கார்னெட் வாசிப்பார். கார்னெட் என்பது டிரம்பெட்டைப் போன்ற, அதைவிடச் சற்றுக் குட்டையான ஊதுகுழல்.

பின்னர் குடும்பம் மாநிலத் தலைநகரான டல்லஹாசிக்குக் குடியேறியது. கறுப்பு இன மாணவர்களுக்கென்று ஏற்பட்ட புளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரி அங்கேதான் இருந்தது. பெற்றோருக்கு அங்கு வேலை கிடைத்தது.

சிறுவன் ஜூலியனுக்குப் பசி அதிகம். பள்ளித் தோழர்கள் அவரை 'கேனிபல்' என்று கேலி செய்தார்கள். நரமாமிசம் தின்பவன் என்பது அதன் பொருள். அந்தச் சொல் நாளடைவில் வாய்மாறி 'கேனன்பால்' ஆயிற்று. கேனன்பால் என்றால் பீரங்கிக் குண்டு. கேலிப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் இசைத்தட்டு உறைகளிலும் அந்தப் பெயரே அச்சாயிற்று.

முதலில் அவர் டிரம்பெட் பழகினார். பிறகு ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு மாறினார். அவரைவிட மூன்று வயது இளையவரான தம்பி நாட், டிரம்பெட்டை எடுத்துக்கொண்டார். பின்னாளில் தம்பி கார்னெட் கலைஞராகப் புகழ் பெற்றார். கண்பார்வை இழந்த இளைஞர் ஒருவர் 1940-களில் டல்லஹாசியில் வசித்து வந்தார். அவரோடும் இந்தச் சகோதரர்கள் சேர்ந்து வாசித்தார்கள். அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பாடகர் ரே சார்லஸ்.

தெருவில் கேட்ட பாட்டு

அக்காலத்தில் புளோரிடாவில் கறுப்பருக்குத் தனிப் பள்ளி, தனிக் குடிநீர்க் குழாய், பஸ்ஸில் பின்பக்க இருக்கை என்பதே சட்டம். படித்த குடும்பமானாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

சகோதரர்கள் சிறுவர்களாக இருந்தபோது, அவர்கள் வீட்டின் முன்பு சிறைக் கைதிகளைக் கொண்டு தெரு போட்டார்கள். கைதிகள் வேலை செய்துகொண்டே பாடினார்கள். வேலையின் வேகமே பாட்டின் தாளம். அந்த ஓசை தம்பி நாட்டின் காதில் தங்கிவிட்டது. 1960-ல் அதை வைத்து அவர் ஓர் உருப்படி அமைத்தார். 'ஒர்க் சாங்', அதாவது 'வேலைப் பாட்டு' என்பது அதன் பெயர். அண்ணனும் தம்பியும் அதை ஊர் ஊராக வாசித்தார்கள். பின்னர் ஆஸ்கார் பிரவுன் ஜூனியர் அதற்குப் பாடல் வரிகள் எழுதினார். பல பாடகர்கள் அதைப் பாடினார்கள்.

ஆசிரியர் வேலை

ஜூலியன் அதே டல்லஹாசி கல்லூரியில் படித்துத் தேறினார். 1948-ல் போர்ட் லாடர்டேல் நகரில் உள்ள டில்லார்டு உயர்நிலைப் பள்ளியில் பாண்டு ஆசிரியரானார். கறுப்புப் பிள்ளைகளுக்கான பள்ளி அது. மாதம் பிறந்தால் சம்பளம் வரும். சமூகத்தில் மரியாதையும் உண்டு. இடையில் 1950 முதல் 1953 வரை ராணுவத்தில் இருந்தார். அங்கும் ராணுவ வாத்தியக் குழு ஒன்றுக்குத் தலைமை வகித்தார். பிறகு மறுபடியும் பள்ளிக்கே திரும்பினார்.

1955-ம் ஆண்டு கோடையில் நியூயார்க்குக்குச் சென்றார். மேற்கொண்டு படிக்க வேண்டும் என்பது எண்ணம். சாக்ஸபோனையும் கையோடு எடுத்துச் சென்றிருந்தார்.

ஒரு நாள் இரவு 'கபே பொஹிமியா' என்ற விடுதிக்குச் சென்றார். பிரபல பாஸ் கலைஞர் ஆஸ்கார் பெட்டிபோர்டின் குழு அங்கு வாசித்து வந்தது. அன்று குழுவின் சாக்ஸபோன் கலைஞர் வந்து சேரத் தாமதமாயிற்று. புளோரிடாவிலிருந்து வந்தவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. புதியவரைச் சோதிக்க நினைத்த தலைவர் மிக வேகமான காலப்பிரமாணத்தில் ஓர் உருப்படியைத் தொடங்கினார். பருத்த அந்தப் பள்ளி ஆசிரியர் சற்றும் தடுமாறாமல் வாசித்தார். மறுநாளே நியூயார்க் இசை வட்டாரத்தில் அதுவே பேச்சாக இருந்தது என்று இசைக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

அதே ஆண்டு மார்ச் மாதம்தான் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் 34 வயதில் காலமாகியிருந்தார். அந்த இடத்துக்கு வந்த புதிய பார்க்கர் என்று சிலர் ஆடர்லியைக் கொண்டாடினார்கள். அந்தப் பட்டம் அவருக்குச் சுமையாகவும் இருந்தது. இருப்பினும் இசைத்தட்டுக் கம்பெனிகள் ஒப்பந்தத்தோடு வந்தன. நிலையான வேலையை விட்டுவிட்டு, நிச்சயம் இல்லாத கலை வாழ்க்கையில் இறங்கினார்.

தோல்வியும் பாடமும்

தம்பியைச் சேர்த்துக்கொண்டு ஐவர் குழு ஒன்றை அமைத்தார். ஊர் ஊராகச் சென்று வாசித்தார்கள். கைதட்டல் கிடைத்தது, காசு சேரவில்லை. கடன் ஏறியது. 1957-ல் குழுவைக் கலைத்தார்.

அந்த ஆண்டே டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தார். தனிக் குழு நடத்தியவர் இன்னொருவரின் கீழ் வாசிப்பதற்குத் தயங்கவில்லை. அங்கே அவருக்குப் பக்கத்தில் நின்று வாசித்தவர் ஜான் கோல்ட்ரேன். இந்த மூவரும் பங்குபெற்று 1959-ல் பதிவு செய்த 'கைண்ட் ஆப் புளூ' என்ற இசைத்தட்டு, ஜாஸ் இசையில் மிக அதிகமாக விற்பனையானவற்றுள் ஒன்று. அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

அந்தக் குழுவிலேயே அவர் தொடர்ந்து இருந்திருக்கலாம். ஆனால் 1959-ம் ஆண்டின் பிற்பகுதியில் வெளியே வந்து தம்பியோடு மறுபடியும் ஐவர் குழு தொடங்கினார். அந்த அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள 'ஜாஸ் ஒர்க்ஷாப்' என்ற விடுதியில், ரசிகர்கள் முன்னிலையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்தார்கள். ரசிகர்களின் ஆரவாரமும் அதில் சேர்ந்தே பதிவாயிற்று. எதிர்பாராத அளவுக்கு அந்தத் தட்டு விற்றது. இரண்டாவது முயற்சி நிலைத்தது.

மாதா கோவில் வாசனை

அந்தக் காலத்தில் ஜாஸ் இசை வரவரச் சிக்கலாகி, சாதாரண ஜனங்களை விட்டு விலகிக்கொண்டிருந்தது. ஆடர்லி குழுவின் இசையோ கறுப்பர்களின் மாதா கோவில்களில் ஞாயிறுதோறும் கேட்கும் பாட்டின் சாயலைக் கொண்டிருந்தது. கைதட்டிக்கொண்டே கேட்கலாம். கால் தானாகத் தாளம் போடும். இந்தப் பாணிக்கு 'சோல் ஜாஸ்' என்று பெயர். சோல் என்றால் ஆன்மா.

இன்னொரு விசேஷமும் உண்டு. ஒவ்வோர் உருப்படிக்கும் முன்னால் அவர் ரசிகர்களிடம் பேசுவார். அடுத்து வருவது என்ன, யார் அமைத்தது, எங்கே கவனித்துக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் நகைச்சுவையோடு விளக்குவார். பள்ளி ஆசிரியர் வேலையை அவர் விட்டார். ஆசிரியர் குணம் அவரை விடவில்லை. பிற்காலத்தில் குழுவோடு கல்லூரிகளுக்குச் சென்று, கறுப்பர் இசையின் வரலாற்றை வாசித்துக் காட்டியே பாடம் நடத்தினார்.

1961-ல் குழுவுக்கு ஒரு புதிய பியானோ கலைஞர் வந்தார். பெயர் ஜோ ஜாவினுல். ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் பிறந்த வெள்ளையர். கறுப்பர் குழுவில் ஒரு வெள்ளையர் சேர்ந்து ஊர் சுற்றுவது அந்நாளைய அமெரிக்காவில் சாதாரண விஷயம் அல்ல. ஆடர்லிக்குத் திறமைதான் கணக்கு. ஜாவினுல் 1970 வரை அந்தக் குழுவில் இருந்தார்.

இல்லாத விடுதி

1966-ம் ஆண்டு அக்டோபரில் ஜாவினுல் அமைத்த 'மெர்சி, மெர்சி, மெர்சி' என்ற உருப்படியைப் பதிவு செய்தார்கள். மெர்சி என்றால் கருணை. மின்சாரப் பியானோவில் தொடங்கும் அந்த எளிய மெட்டு நாடெங்கும் பரவியது. 1967-ல் அமெரிக்கப் பாட்டு வரிசையில் 11-வது இடத்தைப் பிடித்தது. வாய்ப்பாட்டு இல்லாத ஜாஸ் உருப்படிக்கு இது அபூர்வமான வெற்றி. அந்த இசைத்தட்டுக்கு கிராமி பரிசும் கிடைத்தது.

சிகாகோவில் உள்ள ஒரு விடுதியில் நடந்த கச்சேரி என்று தட்டின் உறையில் போட்டிருந்தார்கள். உண்மை வேறு. சிகாகோவில் புதிதாக விடுதி திறந்த நண்பர் ஒருவருக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்றுதான் அப்படிப் போட்டது. பதிவு நடந்தது ஹாலிவுட்டில், இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டூடியோவில். அழைத்து வந்த ரசிகர்களை உட்காரவைத்து, அவர்களுக்கு மதுவும் வழங்கிப் பதிவு செய்தார்கள். கைதட்டல் நிஜம்; இடம்தான் பொய்.

இந்த வெற்றிக்குப் பிறகு சில விமரிசகர்கள் ஆடர்லியைக் குறை கூறினார்கள். காசுக்காக இசையை எளிமைப்படுத்திவிட்டார் என்பது அவர்கள் வாதம். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் உண்மையாகவே சிகாகோவுக்குச் சென்று ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதுதான் ஆரம்பத்தில் சொன்ன 'கன்ட்ரி பிரீச்சர்'.

ரொட்டிக் கூடை இயக்கம்

அந்தக் கூட்டத்தை நடத்திய இயக்கத்தின் பெயர் 'ஆபரேஷன் பிரட்பாஸ்கெட்'. ரொட்டிக் கூடை இயக்கம் என்று தமிழில் சொல்லலாம். டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் தலைமை வகித்த தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பு 1962-ல் அட்லாண்டா நகரில் இதைத் தொடங்கியது. 1966-ல் சிகாகோவில் கிளை ஏற்பட்டது. அதன் பொறுப்பு, இறையியல் மாணவராக இருந்த ஜெஸ்ஸி ஜாக்சனிடம் வந்தது. மறு ஆண்டு அவர் இயக்கம் முழுவதற்கும் இயக்குநரானார்.

பஸ்ஸில் சமமாக உட்காரும் உரிமையைப் போராடிப் பெற்றாயிற்று. பஸ் கட்டணத்துக்குக் காசு வேண்டாமா? சம்பளம் தரும் வேலை இல்லாமல் சமஉரிமை நிறைவடையாது என்பதே இந்த இயக்கத்தின் அடிப்படை.

இயக்கத்தின் வழிமுறை கணக்கிலிருந்து தொடங்கும். பல சபைகளின் போதகர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கம்பெனிக்குச் செல்வார்கள். மொத்த ஊழியர் எத்தனை பேர், அவர்களில் கறுப்பர் எத்தனை பேர், எந்த வேலையில் இருக்கிறார்கள், என்ன சம்பளம் என்ற விவரங்களைக் கேட்பார்கள். பிறகு பேச்சுவார்த்தை நடக்கும். கம்பெனி இணங்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில்களில் அறிவிப்பு வரும். அந்தக் கம்பெனியின் சரக்கை யாரும் வாங்கமாட்டார்கள். கடை வாசலில் மறியல் நடக்கும்.

கிளீவ்லாந்து நகரில் நடந்ததை உதாரணமாகக் கொள்ளலாம். அங்கே ஒரு பால் கம்பெனியில் ஊழியர் 442 பேர். கறுப்பர் 43 பேர் மட்டுமே. நகர மக்கள்தொகையிலோ கறுப்பர் 100-க்கு 35 பேர். பாலை விலை கொடுத்து வாங்குபவர்கள் ஏராளம். அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தவர்கள் சொற்பம். பகிஷ்காரம் தொடங்கிய பின் கம்பெனி இறங்கி வந்து உடன்பாடு செய்துகொண்டது. வேலை கேட்டதோடு இயக்கம் நிற்கவில்லை. கறுப்பர் நடத்தும் நிதி நிறுவனங்களில் பணம் போட வேண்டும், கறுப்பர் பத்திரிகைகளில் விளம்பரம் தர வேண்டும் என்றும் கேட்டது.

1968-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி மெம்பிஸ் நகரில் டாக்டர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ரொட்டிக் கூடை இயக்கத்தின் இசைக் குழுத் தலைவர் பென் பிராஞ்ச், சற்று முன்புதான் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். அன்றைய இரவுக் கூட்டத்தில் தமக்குப் பிடித்த பக்திப் பாடல் ஒன்றை வாசிக்கும்படி கிங் அவரிடம் கேட்டிருந்தார். தலைவரின் கடைசி வேண்டுகோள் ஓர் இசைக் கலைஞரிடம் வைத்ததாக அமைந்துவிட்டது.

தலைநிமிர்ந்த நடை

கிங் மறைந்து ஒன்றரை ஆண்டு கழிந்த நிலையில்தான் ஆடர்லி குழு அந்த மேடை ஏறியது. ஆடர்லி, தம்பி நாட், பியானோவில் ஜாவினுல், பாஸ் வாசித்த வால்டர் புக்கர், டிரம்ஸ் வாசித்த ராய் மெக்கர்டி ஆகியோர் அந்த ஐவர்.

முதல் உருப்படி 'வாக் டால்'. தலைநிமிர்ந்து நட என்பது பொருள். ஜாக்சனின் பேச்சிலிருந்தே நேராக அது தொடங்குகிறது. அடுத்தது தட்டுக்குப் பெயர் தந்த உருப்படி. ஜாக்சனைக் கௌரவிக்க அதை அமைத்தவர் வியன்னாக்காரரான ஜாவினுல். ஆடர்லி அதில் சிறிய சோப்ரானோ சாக்ஸபோனை வாசிக்கிறார். மிக மெதுவான மெட்டு. ஒரு போதகர் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, பிறகு உயர்த்திப் பேசுவதைப் போலவே இசையும் தாழ்ந்து, நின்று, எழுகிறது. ஒவ்வொரு முறை அது எழும்போதும் கூட்டம் குரல் கொடுக்கிறது. மாதா கோவிலில் போதகருக்குச் சபை பதில் சொல்வதைப் போலவே அது கேட்கிறது.

தம்பி நாட் ஒரு பாட்டும் பாடுகிறார். நான்கு பகுதிகள் கொண்ட நீண்ட உருப்படி ஒன்றில் கலைஞர்கள் தனித்தனியே தங்கள் திறமையைக் காட்டுகிறார்கள். இது சற்றுக் கடினமான இசை. ஆனாலும் கூட்டம் பொறுமையாகக் கேட்டு ரசிக்கிறது. சாதாரண ஜனங்களுக்குக் கனமான இசை புரியாது என்ற எண்ணத்துக்கும், எளிய இசையில் சரக்கு இருக்காது என்ற எண்ணத்துக்கும் இந்த ஒரே தட்டு பதில் சொல்லிவிடுகிறது.

இங்கே கைதட்டியவர்கள் ஸ்டூடியோவுக்கு அழைத்து வரப்பட்டவர்கள் அல்ல. தங்கள் காரியத்துக்காகத் தாங்களே கூடியவர்கள்.

1971-ம் ஆண்டு இறுதியில் ஜாக்சன் பிரிந்து சென்று 'புஷ்' என்ற புதிய அமைப்பைத் தொடங்கினார். 1972-ல் அந்த அமைப்பு சிகாகோவில் நடத்திய கண்காட்சியிலும் ஆடர்லி வாசித்தார். அந்த விழாவைப் பற்றிய திரைப்படம் மறு ஆண்டு வெளிவந்தது. ஜாக்சன் 1984-லும் 1988-லும் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கான வேட்பாளர் தேர்தலில் போட்டியிட்டார்.

சம்மட்டி வீரன்

அண்ணனும் தம்பியும் கடைசியாக எடுத்துக்கொண்ட பெரிய வேலை ஓர் இசை நாடகம். அதன் நாயகன் ஜான் ஹென்றி. அமெரிக்க நாட்டுப் பாடல்களில் வாழும் கறுப்புத் தொழிலாளி. ரயில் பாதைக்காக மலையைக் குடைந்து சுரங்கவழி அமைத்த கூலிகளில் ஒருவன். பாறையில் துளையிட நீராவி யந்திரம் வந்தபோது, அதோடு போட்டியிட்டுச் சம்மட்டியாலேயே வென்றான். வென்ற களைப்பிலேயே, கையில் சம்மட்டியோடு உயிர்விட்டான் என்பது கதை. சிறு வயதில் வீட்டு வாசலில் கைதிகளின் வேலைப் பாட்டைக் கேட்டு வளர்ந்த சகோதரர்கள், இறுதியில் ஒரு தொழிலாளியின் கதைக்கே இசை அமைத்தார்கள்.

அந்த இசைத்தட்டு வெளியான 1975-ம் ஆண்டே ஆடர்லியின் வாழ்வும் முடிந்தது. நீண்ட காலமாக அவருக்கு நீரிழிவு நோய் இருந்தது. ஜூலை மாதம் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. சிகாகோவுக்கு அருகில் உள்ள கேரி என்ற எஃகு ஆலை நகரின் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சில வாரங்கள் போராடி, ஆகஸ்டு 8-ந் தேதி காலமானார். 47-வது பிறந்த நாளுக்கு ஐந்து வாரங்களே இருந்தன.

உடலை டல்லஹாசிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். வளர்ந்து, படித்து, கைதிகளின் பாட்டைக் கேட்ட அதே ஊர். அவர் படித்த கல்லூரியின் மாணவிகள் இருவர் 1956-ல் பஸ்ஸில் இருக்கையை விட்டு எழ மறுத்தார்கள். அதைத் தொடர்ந்து கறுப்பர்கள் மாதக்கணக்கில் பஸ் பகிஷ்காரம் நடத்திய ஊரும் அதுவே.

ஜாவினுல் தம் பழைய தலைவரின் நினைவாக 1976-ல் ஓர் உருப்படியை அமைத்து, அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். தம்பி நாட் 2000-ம் ஆண்டு ஜனவரியில் காலமாகும் முன்பு, அண்ணனோடு வாசித்த உருப்படிகளைப் பல நாடுகளில் வாசித்தார்.

ஆடர்லி நினைத்திருந்தால் பள்ளி ஆசிரியராகவே ஓய்வூதியம் வாங்கியிருக்கலாம். மைல்ஸ் டேவிஸின் நிழலிலேயே காலம் தள்ளியிருக்கலாம். பெரிய வெற்றி கிடைத்த பிறகு வசதியான மேடைகளோடு நின்றிருக்கலாம். அவரோ தம் இசைக்கு ஊற்றாக இருந்த ஜனங்களிடமே அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தார். வேலைக்காகவும் கூலிக்காகவும் கூடியவர்கள் அன்று சிகாகோவில் எழுப்பிய கைதட்டல், அந்தத் தட்டில் இன்றும் அப்படியே இருக்கிறது.